பாசிப்பாட்டமும் ஊத்தாவும்: ஏரிமீன் உண்ட நினைவை வரலாறாக வாசித்தல்

தமிழகத்து இடைக்காலக் கல்வெட்டுகளில் 'பாசிப்பாட்டம்' என்றொரு சொல் வழங்குகிறது. ஏரி, குளங்களில் மீன்பிடிக்கும் உரிமைக்காகச் செலுத்தப்பட்ட வரி அது. அவ்வருவாயை ஏரியின் பராமரிப்புக்கே ஒதுக்கிய செய்திகளும் உண்டு. பாசி என்பது நீரில் படரும் பசுமை என்று மட்டும் அறிந்த இன்றைய வாசகருக்கு இச்சொல் அயலாகத் தோன்றலாம். ஆனால் தமிழ்நாட்டின் பல ஊராட்சிகளில் குளத்தை ஏலம் விடும்போது 'மீன்பாசி குத்தகை' என்றே இன்றும் சொல்கிறார்கள். அரசுகள் பல மாறின. நில உடைமை முறை பலமுறை மாறியது. பாசி என்ற சொல் மட்டும் கல்வெட்டிலிருந்து ஏல அறிவிப்பு வரை பொருள் மாறாமல் வந்து சேர்ந்திருக்கிறது.

நான் வசிப்பது மைசூரு தேவராஜ மொஹல்லாவில். இந்தியத் தொல்லியல் துறையின் கல்வெட்டுப் பிரிவு இந்நகரில்தான் இயங்குகிறது. தமிழ்க் கல்வெட்டுகளின் மைப்படிகள் பல பதிற்றாண்டுகள் இங்கேயே பாதுகாக்கப்பட்டன. அவற்றின் வழியாக ஏரிகளைப் பற்றிப் படிக்கும் எவருக்கும் ஒரு குறை தென்படும். ஏரியை வெட்டியவர் யார், மதகு வைத்தவர் யார், வரி எவ்வளவு, அது யாருக்குச் சேர வேண்டும் என்பனவற்றைக் கல்வெட்டு சொல்லும். அந்த மீனை யார் பிடித்தார், எந்த வீட்டில் அது குழம்பாயிற்று என்று அது சொல்லாது. அந்த இடைவெளியை நிரப்பக்கூடிய சான்று நம்மிற் பலரிடம் இருக்கிறது. அது சிறுவயதில் குடும்பத்தோடு குளத்தில் இறங்கி மீன் பிடித்து, அன்றே சமைத்து உண்ட நினைவு. அந்நினைவை ஏக்கமாக மட்டும் கருதி ஒதுக்காமல் வரலாற்றுச் சான்றாக வாசிக்க இயலுமா என்பதே இப்பதிவின் கேள்வி.

முதலில் பழைய எழுத்துச் சான்றுகள் நமக்குக் காட்டும் மீனைப் பார்க்கலாம். ஐங்குறுநூற்றின் மருதப் பாடல்களில் பாண்மகள் ஒருத்தி வட்டியில் விரால் கொண்டுவந்து தருகிறாள். மனையோள் அவ்வட்டியில் பழைய நெல்லை நிரப்பி அனுப்புகிறாள். மீன் இங்கே பண்டமாற்றுப் பொருள். பிடிப்பவள் ஒருத்தி, உண்பவள் வேறொருத்தி. பன்னிரண்டாம் நூற்றாண்டில் கல்யாணச் சாளுக்கிய மன்னன் மூன்றாம் சோமேசுவரன் இயற்றிய மானசோல்லாசம், மன்னனின் பொழுதுபோக்குகளுள் ஒன்றாகத் தூண்டில் மீன்பிடிப்பை வைக்கிறது. மீன்களின் வகைகளையும் அவற்றுக்கு ஏற்ற இரைகளையும் அந்நூல் விரிவாகப் பேசுகிறது. அங்கே மீன் விளையாட்டு. கல்வெட்டில் மீன் வருவாய். உத்திரமேரூரின் 919, 921ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள் குறிப்பிடும் ஏரி வாரியம் போன்ற அமைப்புகள் ஏரியைக் கண்காணித்தன என்பது நாமறிந்ததே. ஆயினும் ஏரிக்கரையில் வாழ்ந்த குடும்பம் தானே பிடித்துத் தானே உண்ட மீன் இம்மூவகைச் சான்றுகளிலும் அரிதாகவே வெளிப்படுகிறது. அது விற்கப்படவில்லை, வரி விதிக்கப்படவில்லை, யாரையும் மகிழ்விக்க நடத்தப்படவில்லை. ஆகவே அதை எழுதிவைக்க யாருக்கும் தேவை எழவில்லை.

எழுதப்படாத அந்த மீன் இன்றும் உயிரோடு இருக்கும் இடம் 'அழிகண்மாய்'. மதுரை, சிவகங்கை, திண்டுக்கல், புதுக்கோட்டை மாவட்டங்களில் கோடையில் நீர் வற்றி முழங்காலளவு நிற்கும்போது, கண்மாயை ஊரார் அனைவருக்கும் மீன்பிடிக்கத் திறந்துவிடும் வழக்கம் உண்டு. செய்தித்தாள்கள் இதனை 'மீன்பிடித் திருவிழா' என்று எழுதுகின்றன. ஊரில் அதற்குப் பெயர் 'கம்மா அழியுது' என்பதே. இங்கே அழிதல் என்பது அடைத்து வைத்த உரிமை அன்றைக்குக் கட்டவிழ்தல்.

நான் வளர்ந்தது புதுக்கோட்டை மாவட்டத்தின் மேற்கே, பொன்னமராவதிப் பகுதியில். அழிகண்மாய் நாளை முதலில் அறிவிப்பது தண்டோரா. பக்கத்து ஊர்களுக்கும் சொல்லி அனுப்புவார்கள். விடியுமுன் கரை நிறைந்துவிடும். கரையிலுள்ள கோயிலில் வழிபாடு முடிந்ததும் ஊர்ப் பெரியவர் ஒருவர் வெள்ளைத் துண்டை வீசுவார். அதுவரை காலை நனைக்கக்கூடாது. துண்டு அசைந்த கணத்தில் கரை முழுவதும் நீருக்குள் இறங்கும். ஆடவர் கையில் ஊத்தா இருக்கும். மூங்கில் பிளாச்சுகளைக் கூம்பாகக் கட்டி, அடிவாய் அகலமாகவும் மேல்வாய் கை நுழையும் அளவிலும் அமைந்த கூடு அது. அதைச் சேற்றில் குத்திக்கொண்டே முன்னேற வேண்டும். உள்ளே அகப்பட்ட மீன் பிளாச்சில் முட்டும். அந்த அதிர்வு உள்ளங்கைக்குத் தெரியும். மேல்வாய் வழியே கையை விட்டுத் துழாவிப் பிடிக்க வேண்டும். கெளுத்தியாக இருந்தால் முள் குத்திவிடும். தேளியாக இருந்தால் அன்று முழுவதும் கை கடுக்கும். மீனின் பெயரைப் பார்வைக்கு முன்பே விரல்கள் அறிந்துகொள்ளும் கல்வி அது. பெண்கள் பழைய சேலையை இருவராக விரித்து ஓரத்து நீரை அரிப்பார்கள். எங்களைப் போன்ற சிறுவர்களுக்குச் சட்டியும் கூடையும் தரப்படும். கலங்கிய நீரில் மூச்சுத் திணறி மேலே வரும் கெண்டைகளை அள்ளுவது எங்கள் பங்கு.

உச்சி வெயிலுக்குள் எல்லாம் முடிந்துவிடும். அதன்பின் வேலை பெண்களுடையது. அப்பத்தா விராலைச் சாம்பலில் புரட்டி வழவழப்பை எடுத்து, அரிவாள்மனையில் செதில் சீவுவார். அயிரை கிடைத்தால் அதை நல்ல நீரில் உயிரோடு விட்டு, மண்ணைக் கக்கிய பிறகு கல்லுப்புப் போட்டு மண்சட்டியில் உரசுவார். கெண்டைப் பொடியை உப்பிட்டு முற்றத்தில் காயவைப்பார். கோடை மாங்காய்க் காலமும் ஆதலால் புளியைக் குறைத்து மாங்காய் நறுக்கிப் போட்ட குழம்பு கொதிக்கும். அன்று மாலை ஊர் முழுவதும் ஒரே மணம். முதல் பங்கு பக்கத்து ஊரில் வாழ்க்கைப்பட்ட அத்தைக்குத் தூக்குச்சட்டியில் போகும். இரண்டாவது பங்கு அன்று கண்மாயில் இறங்க முடியாத முதியவர் இருக்கும் வீட்டுக்கு. பிடித்த மீனை விற்கக்கூடாது, உண்ண வேண்டும், அப்படி உண்டால்தான் அடுத்த மழை நன்றாகப் பெய்யும் என்பது ஊர் நம்பிக்கை.

இந்நினைவிலிருந்து ஒரு வரலாற்று மாணவர் எதைப் பெறலாம்? மூன்று செய்திகளைச் சொல்லலாம் என்று கருதுகிறேன்.

முதலாவது, காலக்கணக்கு. கண்மாய் அழிவது பாசனம் முடிந்து, அறுவடை முடிந்து, நீருக்கு வேறு பயன் எஞ்சாத பொழுதில். பயிருக்கு உரிய நீர் பயிருக்குப் போன பின்பே மீனுக்காக மனிதர் நீரில் இறங்கலாம். வற்றிய கண்மாயில் எஞ்சும் மீன் எப்படியும் வெயிலில் மடியக்கூடியது. ஆகவே அதைப் பிடிப்பதால் அடுத்த ஆண்டின் மீனுக்குப் பெருங்கேடு இல்லை. விரால் போன்றவை ஈரச் சேற்றில் தாக்குப்பிடிக்கும். புதுவெள்ளம் வரும்போது கலுங்கு வழியாகவும் வாய்க்கால் வழியாகவும் கீழ்க்கண்மாயிலிருந்து மீன் எதிர்நீச்சலிட்டு ஏறிவரும். கண்மாய்கள் சங்கிலித் தொடராக இணைந்திருந்தமையால்தான் ஆண்டுதோறும் கண்மாயை அழிக்கவும் ஆண்டுதோறும் மீன் பெறவும் முடிந்தது. சங்கிலி அறுந்தால் இந்த வழக்கமும் அறும்.

இரண்டாவது, உரிமையின் தன்மை. ஒரு நாளைக்கு மட்டும் எல்லோருக்கும் திறக்கும் உரிமை, மற்ற நாட்களில் அது அடைக்கப்பட்டிருந்தது என்பதைச் சொல்லாமற் சொல்கிறது. மழைக்காலத்தில் செந்நிறக் குஞ்சுகளோடு திரியும் விராலைப் பிடிக்கக்கூடாது என்று அப்பத்தா கண்டிப்பார். குஞ்சுகளைக் காத்துத் திரியும் தாயும் தந்தையும் அகப்பட்டால் குஞ்சுகள் அனைத்தும் பிற மீனுக்கு இரையாகிவிடும் என்பதை மீனியலார் அறிவர். அப்பத்தாவுக்கு அது பாவக்கணக்கில் எழுதப்பட்டிருந்தது. எந்தச் சட்டத்திலும் இல்லாத இத்தகைய தடைகளும், வெள்ளைத் துண்டு வீசும்வரை காத்திருக்கும் ஒழுங்கும் சேர்ந்ததே அந்த உரிமை.

மூன்றாவது, நினைவு மறைப்பது. 'ஊரார் அனைவரும்' என்று எழுதும்போது அச்சொல்லின் எல்லையைக் கேட்டாக வேண்டும். தென்மாவட்டங்களில் மடை திறந்து நீர் பாய்ச்சும் பொறுப்பு நீர்க்கட்டி, மடைக்குடும்பன் ஆகியோருடையது. அவர்கள் பெரும்பாலும் ஒடுக்கப்பட்ட சாதியினர். நீரைக் காத்தவர்களுக்குக் கண்மாயின் எந்தப் பகுதியில் இறங்க இடமிருந்தது, கோயில் வழிபாட்டில் அவர்கள் எங்கே நின்றார்கள் என்பவற்றை என் சிறுவயது நினைவு பதிவுசெய்யவில்லை. குழந்தையின் கண் மீனைப் பார்த்தது, வரிசையைப் பார்க்கவில்லை. தர்ஸ்டனின் 1909ஆம் ஆண்டுத் தொகுதிகள் ஏரி, ஆற்று மீன்பிடிப்பைத் தொழிலாகக் கொண்ட செம்படவரைப் பற்றியும், மைசூர்ப் பகுதியின் பெஸ்தர்களைப் பற்றியும் பேசுகின்றன. குலத்தொழிலாக மீன்பிடித்தவர்களின் நினைவில் கண்மாய் ஒரு நாள் கொண்டாட்டமாக இருந்திருக்காது. அன்றாடப் பிழைப்பாக இருந்திருக்கும். ஆகவே வாய்மொழி வரலாறு சேகரிப்பவர் ஒரே கண்மாய்க்குக் குறைந்தது மூன்று கரைகளில் நின்று கேள்வி கேட்க வேண்டும்.

இவ்வழக்கம் தமிழுக்கு மட்டும் உரியதன்று என்பதைக் கருநாடகத்திற்கு வந்த பின்பே உணர்ந்தேன். சிவமொக்கா மாவட்டத்தின் சாகர, சொரப வட்டாரங்களை உள்ளிட்ட மலைநாட்டில் இதே கோடையில், இதே முறையில் 'கெரெபேட்டெ' நடைபெறுகிறது. ஏரிவேட்டை என்பது அதன் பொருள். அங்கே கையிலிருக்கும் கருவிக்குக் 'கூணி' என்று பெயர். ஊத்தாவையும் கூணியையும் அருகருகே வைத்தால் ஒன்றுக்கொன்று உடன்பிறப்பு என்றே சொல்லத் தோன்றும். ஒரு கூணிக்கு இவ்வளவு என்று கட்டணம் பெற்று ஊர்ப் பொதுச்செலவுக்கு வைக்கும் வழக்கமும் அங்கு உண்டு. அதில் பாசிப்பாட்டத்தின் சாயலைக் காணலாம். முதல் மழையில் எதிரேறும் மீனுக்கு மலைநாட்டுக் கன்னடத்தில் 'ஹத்துமீனு' என்றும், அதைப் பிடிக்கும் பருவத்துக்கு மலையாளத்தில் 'ஊத்த' என்றும் பெயர்கள் உள்ளன. மொழி எல்லைகளைக் கடந்து நிலவும் இந்த ஒற்றுமை, ஏரிப் பாசனம் பரவிய நிலமெங்கும் இத்தகைய உணவுரிமை உடன்பரவியதோ என்று எண்ண வைக்கிறது. ஒப்பாய்வுக்கு இது நல்ல களம்.

இனி, இவ்வுரிமை எப்படிச் சுருங்கியது என்பதைக் காண்போம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியில் நன்னீர் மீன் அரசின் கவனத்துக்கு வந்தது. இராணுவ மருத்துவராயிருந்து மீன்வள ஆய்வாளரான பிரான்சிஸ் டே, 1873இல் இந்தியா, பர்மாவின் நன்னீர் மீன்கள் பற்றிய அறிக்கையை வெளியிட்டார். மீன்குஞ்சுகள் பொறிகளிலும் நெருங்கிய கண் வலைகளிலும் அழிவதைப் பற்றிய கவலை அதில் மிகுதி. அக்கவலையின் தொடர்ச்சியாக 1897ஆம் ஆண்டு இந்திய மீன்வளச் சட்டம் வந்தது. வெடிவைத்தும் நஞ்சிட்டும் மீன் கொல்வது தடைசெய்யப்பட்டது. அது வேண்டிய சட்டமே. ஆனால் அதே காலத்தில் சென்னை மாகாணக் குடிமைப்பணி அதிகாரி எச். எஸ். தாமஸ், 1887இல் இந்தியக் குளங்களில் தூண்டிலிடுவது பற்றித் தனிநூலே எழுதினார். பொறி வைத்து உண்பவர் அழிப்பவராகவும், தூண்டிலிட்டு மகிழ்பவர் ரசிகராகவும் ஆவணங்களில் இடம்பெறத் தொடங்கினர். மானசோல்லாசத்தின் அரச விளையாட்டு வேறோர் உடையில் திரும்பிவந்தது எனலாம். 1907இல் பிரடெரிக் நிக்கல்சனின் வழிகாட்டுதலில் சென்னை மாகாண மீன்வளத் துறை உருவானது.

விடுதலைக்குப் பின் வந்த மாற்றம் இன்னும் ஆழமானது. 1952இல் ஆப்பிரிக்காவைத் தாயகமாகக் கொண்ட திலேப்பியா இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது. ஜிலேபிக் கெண்டை என்று தமிழ்ப்பெயர் பெற்று, அது பெருகிய குளங்களில் நாட்டு மீன்களின் இடத்தை எடுத்துக்கொண்டது. 1957ஆம் ஆண்டு ஜூலை 10 அன்று ஹீராலால் சௌத்ரியும் அலிகுன்ஹியும் ஒடிசாவில் ஊக்குநீர் ஊசிவழி பெருங்கெண்டைகளை முட்டையிடச் செய்வதில் வெற்றி கண்டனர். அந்நாள் இன்று தேசிய மீன் விவசாயிகள் நாளாகக் கொண்டாடப்படுகிறது. கட்லா, ரோகு, மிர்கால் ஆகிய கங்கைச் சமவெளி மீன்களின் குஞ்சுகள் நாடெங்கும் கிடைக்கலாயின. மலிவான புரதம் எளிய மக்களுக்குக் கிடைக்க இது பேருதவி செய்தது என்பதில் ஐயமில்லை. ஆனால் கண்மாயின் சட்டநிலை இதனால் மாறியது. முன்பு கண்மாய் மீன் மழை தந்தது, எவரும் விதைக்காதது. இப்போது அது குத்தகைதாரர் விலைகொடுத்து வாங்கி விட்ட குஞ்சு. விதைத்தவருக்கே விளைச்சல் என்னும் நியாயத்தின் முன் ஊராரின் ஊத்தா திருட்டுக் கருவியாயிற்று. நூறு ஏக்கருக்கு மேல் ஆயக்கட்டு உள்ள கண்மாய்கள் பொதுப்பணித் துறையிடமும் சிறியவை ஊராட்சி ஒன்றியங்களிடமும் இருந்தமையால், உரிமையைக் கேட்பதற்கும் ஊரில் ஓர் இடம் இல்லாமற் போயிற்று. குத்தகை விடப்படாத கண்மாயிலும், குத்தகைதாரர் அரித்தெடுத்தபின் எஞ்சிய மீனிலும்தான் அழிகண்மாய் இன்று பெரும்பாலும் தொடர்கிறது. 2000ஆம் ஆண்டில் தடைசெய்யப்பட்ட பின்னரும் ஆப்பிரிக்கக் கெளுத்தி பல குளங்களில் காணப்படுகிறது. ஊத்தாவுக்குள் கைவிடும் இன்றைய சிறுவன் விரலால் அறியும் மீன்களின் பட்டியல் என் பட்டியலைவிடச் சிறியது.

நகரத்தில் இச்சுருக்கம் முழுமையாகிவிட்டது. தேவராஜ மொஹல்லாவே அதற்குச் சான்று. காவிரி நீரை மைசூருக்குக் கொண்டுவரத் திவான் பூர்ணய்யா வெட்டத் தொடங்கிய கால்வாயின் ஒரு பகுதியைப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் தூர்த்து, அதன்மீது அமைத்ததே சயாஜி ராவ் சாலை. தேவராஜ மார்க்கெட் அச்சாலையில்தான் நிற்கிறது. தொட்டகெரெ இன்று தசராப் பொருட்காட்சி நடக்கும் மைதானம். ஜீவராயன கட்டெயும் மைதானமே. நீர்நிலைகளின் பெயர்கள் தரைக்கு இடப்பட்டிருக்கின்றன. எஞ்சியவற்றுள் ஒன்று, மொஹல்லாவுக்கு மேற்கே மும்மடி கிருஷ்ணராஜ உடையார் 1864இல் அமைத்த குக்கரஹள்ளி ஏரி. புறநகர் வயல்களுக்குப் பாசனம் தருவதற்காக வெட்டப்பட்டது அது. வயல்கள் வீடுகளாயின, பூர்ணய்யா கால்வாயின் எஞ்சிய பகுதி நீரோடு கழிவையும் சுமந்தது. மீன்கள் செத்து மிதந்த செய்திகள் அவ்வப்போது வந்திருக்கின்றன. இன்று பல்கலைக்கழகத்தின் பொறுப்பில் உள்ள அந்த ஏரி நடைப்பயிற்சிக்கும் கூழைக்கடாக்களுக்கும் பெயர்பெற்றது. ஆர். கே. நாராயணும் குவெம்புவும் உலவிய கரை என்று பெருமையாகச் சொல்கிறோம். விலங்குக்காட்சிச் சாலையின் பொறுப்பில் உள்ள காரஞ்சி ஏரியில் படகும் பறவைக்கூடமும் உண்டு.

இவற்றைக் குறைகூறுவது என் நோக்கமன்று. கழிவு கலந்த நீரின் மீனை உண்ணச் சொல்வது பொறுப்பற்ற செயல். பறவைக்கு இடம் விட்டதும் நன்றே. நான் சுட்டுவது வேறொன்று. நகர ஏரியின் வரலாறு எழுதப்படும்போது அதை வெட்டிய மன்னர், திட்டமிட்ட திவான், உலவிய எழுத்தாளர், வந்திறங்கும் பறவை ஆகிய நால்வரும் இடம்பெறுகின்றனர். பாசனம் பெற்ற உழவரும் அங்கே மீன் தேடிய குடும்பமும் இடம்பெறுவதில்லை. ஏரியைக் காப்பது குறித்த வாதங்களும் இந்த வரலாற்றையே அடிப்படையாகக் கொள்கின்றன. பார்ப்பதற்குரிய ஏரியைக் காக்க வேலியும் நடைபாதையும் போதும். உண்பதற்குரிய ஏரியைக் காக்க நீர் தூய்மையாக இருக்க வேண்டும். வரத்துக்கால் திறந்திருக்க வேண்டும். மேலும் கீழும் உள்ள ஏரிகளோடு இணைப்பு இருக்க வேண்டும். நீரின் தரத்துக்கு மீன் உண்ணும் குடும்பத்தைவிடக் கடுமையான தணிக்கையாளர் இல்லை. அக்குடும்பத்தை வரலாற்றிலிருந்து நீக்கியபோது அத்தணிக்கையையும் நாம் நீக்கிவிட்டோம்.

நினைவுக்கு வயதாகிறது. அழிகண்மாயில் இறங்கியவர்களுள் முதிய தலைமுறை இன்று எழுபதைக் கடந்தவர்கள். அவர்கள் சொல்லும் மீன்பெயர்களுள் பலவற்றுக்கு நம் பாடநூல்களில் படமில்லை. வரலாறு, மானிடவியல், விலங்கியல், மொழியியல் பயிலும் மாணவர்கள் விடுமுறையில் ஊருக்குச் செல்லும்போது ஒரு நீர்நிலையை மட்டும் தேர்ந்தெடுத்துக்கொள்ள வேண்டுகிறேன். அதன் மீன்கள் யாவை, எந்த மாதத்தில் எது கிடைத்தது, கருவியின் பெயர் என்ன, கடைசியாக அழிந்தது எந்த ஆண்டு, குத்தகை எப்போது தொடங்கியது, யார் இறங்கலாம், யார் கரையில் நிற்க வேண்டும், பங்கு எந்தெந்த வீடுகளுக்குப் போயிற்று என்று கேட்டு எழுதுங்கள். ஆடவரிடம் பிடித்த கதையும் பெண்டிரிடம் சமைத்த கதையும் தனித்தனியே கேளுங்கள். இரண்டும் ஒன்றாக இரா. கன்னடம் பேசும் நண்பர்கள் கெரெபேட்டெ பற்றி இதே கேள்விகளைக் கேட்டால் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்கலாம். கிடைத்த விடைகளை இப்பதிவின் கீழே எழுதினாலும் நன்று. மீனின் பெயரை ஊரில் ஒலிக்கும்படியே எழுதுங்கள்.